உங்களுக்குத் தெரியுமா? தே ஓ நிறத்தில் தண்ணீர், மரம் ஏறும் மீன்

◆ கங்கார் தெப்ராவ், கங்கார் பூலாய். ஜொகூர் பாருவில் வாடகை வீடு தேடும்போது அடிக்கடி காதில் விழும் பெயர்கள். கங்கார் என்பது ஆற்றங்கரைப் படகுத்துறைக் குடியிருப்பு. மிளகும், தோல் பதனிட உதவும் காம்பியரும் பயிரிடச் சிங்கப்பூரிலிருந்து சீனர்கள் வந்த காலத்தில், ஜொகூர் ஆட்சியாளர்கள் ஆற்றுக்கு ஒரு தலைவர் என்று வைத்து, அவருக்குச் 'சூராட் சுங்கை' எனும் ஆற்றுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். முதல் சீட்டுகள் 1844இல் எழுதப்பட்டன. ஜொகூர் பாரு எழுந்தது 1855இல். ஊருக்கு முன்பே ஆற்றுக்குப் பத்திரம் இருந்திருக்கிறது!

◆ ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் நடுவிலுள்ள தெப்ராவ் நீரிணையில் காயாக்கைச் செலுத்திக்கொண்டு கிழக்கிலிருந்து மேற்கே போக முடியாது. 1924இல் திறக்கப்பட்ட கரைப்பாலம் குறுக்கே கிடக்கிறது. 1,056 மீட்டர் நீளம், கற்குவியல். போதாக்குறைக்கு நீரிணையின் நடுவில் நாட்டு எல்லையும் ஓடுகிறது. நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனது என்ற சமாதானம் கடல் போலீசிடம் எடுபடாது.

◆ கெலாங் பாத்தா பக்கம் சுங்கை பூலாய். அதன் சதுப்புநிலக் காட்டில் 9,126 ஹெக்டேர் 2003இல் பன்னாட்டு ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இங்கே கடிகாரத்தைவிட ஓத அட்டவணையைப் பார்ப்பதுதான் முக்கியம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே சில நாள்களில் 3 மீட்டர் அளவுக்கு வித்தியாசம் வரும். நேரம் தப்பினால் காயாக் சேற்றில் உட்கார்ந்துவிடும். இறங்கித் தள்ளலாம் என்று காலை வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும்.

அந்தக் காட்டு மரங்களின் வேர்களுக்கிடையே நின்று நீரைப் பீய்ச்சி, இலையில் இருக்கும் பூச்சியை வீழ்த்தும் மீன் ஒன்று உண்டு. மலாயில் சும்பிட்; ஊதுகுழல் என்று பொருள். நீருக்குள்ளிருந்து பார்த்தால் வெளியில் உள்ள பூச்சி இடம் மாறித் தெரியும். அந்தப் பிழையையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் இந்த மீன் குறிபார்க்கிறது.

◆ இந்த நீர்வழிகளை நமக்கு முன்பே அறிந்தவர்கள் ஓராங் செலெத்தார் மக்கள். படகே வீடாக, நீரிணையின் இரு கரைகளிலும் வாழ்ந்தவர்கள். இன்று சுங்கை தெமோன், கோலா மாசாய் போன்ற இடங்களில் கரையேறி வாழ்கிறார்கள்.

◆ பனைமரத்தில் மீன் ஏறுமா? ஏறியதாகச் சொன்னவர் டால்டோர்ஃப், டேனிஷ்காரர். 1791இல் நம் தரங்கம்பாடியில், பனையின் பட்டைப் பிளவில் ஒரு மீன் செவுள் மூடியை ஊன்றி மேலே நகர்ந்ததைக் கண்டதாக அவர் எழுதியது 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் வந்தது. தமிழில் அதன் பெயரே பனையேறி. ஜொகூர்ச் சாக்கடையிலும் தோட்டத்து ஈரப் பள்ளங்களிலும் கிடக்கும் 'பூயூ' அதே மீன்தான். காற்றிலிருந்தே மூச்சு வாங்க அதன் தலைக்குள் தனி உறுப்பு இருக்கிறது. மழை நாளில் குளம் விட்டுக் குளம் தரைவழியே நகர்ந்துவிடும். பனையின் உச்சிவரை யாரும் பார்த்ததில்லை. ஆனால் பெயர் வைத்தவர்கள் சும்மா வைத்திருக்க மாட்டார்கள் என்பது என் கட்சி.

◆ நகருக்குள் ஓடும் ஸ்கூடாய் போன்ற ஆறுகளில் கரும்புள்ளியோடு, கவசம் போட்டதுபோல் ஒரு மீன் தட்டுப்பட்டால் அது தென்னமெரிக்காக்காரர். கண்ணாடித் தொட்டியின் பாசியைத் தின்பதற்காக வாங்கிவந்து, பெரிதானதும் ஆற்றில் விட்டுவிட்டார்கள். தமிழ்நாட்டில் 'டேங்க் கிளீனர்' என்பார்கள். மலேசியர்கள் வைத்த பெயர்தான் பிரமாதம்: 'ஈக்கான் பண்டாராயா', அதாவது மாநகராட்சி மீன். துப்புரவு செய்கிறதாம்! உண்மையில் கரையைத் துளைத்து வளை தோண்டி மண்ணைச் சரிய வைக்கிறது.

◆ ஆயர் ஹித்தாம் என்ற ஊர்ப்பெயருக்குக் கறுப்புத் தண்ணீர் என்று பொருள். கரிச்சதுப்பில் உதிர்ந்த இலைகள் ஊறி, பால் விடாத தேநீரான தே ஓ நிறத்தில் நிற்கும் அமில நீர். அதில், இலைக்குப்பைக்கு நடுவே, சுண்டுவிரல் நீளம்கூட வராத கருநீலச் சண்டை மீன் ஒன்று வாழ்கிறது. 1986இல் அறிவியல் பெயர் சூட்டியபோது, கிரேக்கர்களின் பாதாள உலக அரசி பெர்செஃபோனியின் பெயரைக் கொடுத்தார்கள். ஜொகூரை விட்டால் வேறெங்கும் இதற்கு வீடில்லை. சதுப்பை வடித்துச் செம்பனை நட்ட இடத்திலெல்லாம் அந்த வீடும் போயிற்று.

◆ ஏரியில் ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் சிவப்பாய்க் கொதிப்பது போலத் தெரிந்தால் விலகிப் போங்கள். அது தோமான் குஞ்சுக் கூட்டம். மூச்சு வாங்க மேலே வருகிறது. அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். ஒரு மீட்டருக்கு மேல் வளரும் இந்த மீன் நம் விராலுக்குப் பெரியப்பா முறை. குஞ்சுக் கூட்டத்தின் மேல் தூண்டில் வீசிப் பெற்றோரைப் பிடிப்பதைத் திறமை என்று சொல்லும் தூண்டில்காரர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை.

◆ சிங்கப்பூர் 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்ளலாம், 2061 வரை. அதே ஆற்றங்கரையில்தான் 1587இல் போர்த்துக்கீசியர் தகர்த்த ஜொகூர் லாமா கோட்டை இருந்தது. மேலே கோத்தா திங்கியில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் இரவில் ஒளிரும். பார்க்க உள்ளூர்ப் படகிலேயே போய்விடுங்கள். இந்த ஆற்றில் உவர்நீர் முதலைகளும் குடியிருக்கின்றன. இருட்டில் காயாக் வேண்டாம்.

◆ தெளிந்த நீர் வேண்டுமென்றால் எண்டாவ் ரொம்பின் காட்டுக்கு, ஜாக்கூன் மக்களின் கம்போங் பெத்தா வரை போகவேண்டும். அங்கே கெலா மீன். கோயில் ஊரான சிருங்கேரியில் துங்கை ஆற்றுப் படித்துறையில் பொரிக்கு முண்டியடிக்கும் பெரிய மீன்களின் உறவு. சிருங்கேரியில் அவற்றைத் தொட யாரும் துணிய மாட்டார்கள். மலேசியாவில் கெலா கிலோ நூற்றுக்கணக்கான ரிங்கிட். செதிலோடு சமைத்து, அந்தச் செதிலையும் மென்று தின்கிறார்கள்.