குடியை விட்டவர் மேடை ஏறும்போது

1973-இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் 'மேக்பெத்' ஓடிக்கொண்டிருந்தபோதே அதன் நாயகன் பாதியில் விலகிப் போனார். ஆண்டனி ஹாப்கின்ஸ். குடி முற்றியிருந்த காலம் அது. 1975 டிசம்பர் 29 அன்று குடியை நிறுத்தினார். குடியை விட நினைப்பவர்களின் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழு துணை நின்றது. இடையில் அமெரிக்க மேடைகளில் நடித்தாலும், அதே நேஷனல் தியேட்டரில் 'பிராவ்தா' நாடகத்துக்காக அவர் மறுபடி கால் வைத்தபோது 1985 ஆகிவிட்டது. அடுத்து லியர் அரசன், பிறகு ஜூடி டென்ச்சோடு மார்க் ஆண்டனி. நம் ரசிகர்கள் திரையில் அறிந்த ஹானிபல் லெக்டர் வேடம் இதற்கெல்லாம் பின்னால் வந்தது.

இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டதும், "மனசு வெச்சா விட்டுடலாம்" என்பார்கள். அங்கேதான் ஆபத்து. பல வருடமாகத் தினமும் மிதமிஞ்சிக் குடித்தவர், அடுத்த வாரம் அரங்கேற்றம் என்று திடீரென நிறுத்தினால் உடம்பு சும்மா இருக்காது. சில மணி நேரத்திலேயே கை உதறும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் போய்விடும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதையும் தாண்டி, நான்காம் நாளுக்குள் சிலருக்குச் சித்தம் குழம்பும்: உடம்பில் பூச்சி ஊர்வதாகத் தட்டிவிடுவார், இல்லாத ஆளோடு பேசுவார். வீட்டில் இருப்பவர்கள் காத்துக் கருப்பு என்று பூசாரியிடம் கூட்டிப்போவதும் உண்டு. அது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. உதறலை அடக்க மருத்துவர் மாத்திரை கொடுத்து, அதன் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். கூடவே வைட்டமின் பி1 ஊசி போடுவார். இந்தச் சத்து அடியோடு வற்றினால் புதிதாக எதையும் மனதில் நிறுத்த முடியாமல் போகும். வசனத்தை நம்பிப் பிழைப்பவருக்கு இதைவிடப் பெரிய இழப்பு ஏது?

சுவரிலும் பத்திரிகை மூலையிலும் கண்ணில் படும் ஒரு விளம்பரம்: குடிப்பவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமாம். என்ன மருந்து என்று அதில் இருக்காது. அது மருத்துவர்கள் தரும் டைசல்ஃபிராம் மாத்திரையாக இருந்தால், சாப்பிட்டவர் குடிக்கும்போது முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, இதயமே தடுமாறக்கூடும். விஷயம் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் சாப்பிட வேண்டிய மருந்து அது. குழம்பில் கரைப்பது அக்கறையில் செய்தாலும் விபரீதம்தான். குடிக்கும் ஆசையைத் தணிக்கும் நால்ட்ரெக்சோன் போன்ற வேறு மருந்துகளும் இருக்கின்றன.

இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் குடியால் வரும் மனநலப் பாதிப்புகளையும் சேர்த்தே பேசுகிறது. சிகிச்சை மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். சேரும் முன் அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். சங்கிலியால் கட்டுவதும் கட்டாயமாக மொட்டையடிப்பதும் சட்டவிரோதம். தானாக வந்து சேர்ந்தவர் வீட்டுக்குப் போகிறேன் என்றால் அனுப்பியாக வேண்டும். பரிசோதிக்க வேண்டிய சில சூழலில் மட்டும் 24 மணி நேரம் நிறுத்தி வைக்கலாம். கலைஞர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது. மீறினால் மனநல மறுஆய்வு வாரியத்தை அணுகலாம். இலவச சட்ட உதவிக்கு 15100.

இனி மேடை. பயம் பிடிக்கும் நேரம் திரை விலகும் முன்பு என்றுதான் பலரும் நினைப்பார்கள். கைதட்டல் ஓய்ந்து, ஒப்பனையைக் கலைத்துவிட்டு, உடம்பு இன்னும் சூடாக இருக்கும் அந்த ஒரு மணி நேரமும் அதே அளவுக்குச் சிக்கலானது. குழு மொத்தமும் 'கொண்டாட' கிளம்பும். விடிய விடிய ஆடும் கூத்தில், ஒரு கட்டிங் போட்டால்தான் தொண்டை திறக்கும் என்று ஊற்றிக்கொடுப்பவர்களும் உண்டு. சாராயம் தொண்டையை உலர்த்துமே தவிரத் திறக்காது. ஆகவே நாடகம் முடிந்ததும் யாரோடு, எந்த வண்டியில் வீட்டுக்குப் போவது என்பதை ஒத்திகை நாட்களிலேயே முடிவு செய்துவிடுவது நல்லது. குடியை விட்ட முதல் ஆண்டில் நாயக வேஷத்தைவிடச் சின்ன வேஷம் உத்தமம். இயக்குநரிடம் விஷயத்தைச் சொல்வதா வேண்டாமா என்பது நடிகரின் விருப்பம். சொன்னால், மாற்று நடிகர் ஒருவரைத் தயாராக வைத்துக்கொள்ள வழி பிறக்கும்.

மறுபடி ஒருநாள் குடித்துவிட்டால் ஒளிந்துகொள்ள வேண்டாம். அதற்காக மருந்தையோ ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தையோ கைவிடவும் வேண்டாம். டைசல்ஃபிராம் சாப்பிடுபவராக இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றபடி ஆலோசனைக்குக் கட்டணமில்லா எண்கள் இரண்டு: போதை மீட்புக்கு 14446, மனநல உதவிக்கு 14416. இரண்டாவதில் தமிழிலேயே பேசலாம்.