நிலத்தின் நிறங்கள் – 7: பாவு நீளும் தெரு

நகரமைப்பு வரைபடத்தில் ஒரு மனைக்கு ஒரே நிறம்தான். குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று வகைபிரித்து வண்ணமிடுவது, 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் வழிவந்த முழுமைத் திட்டங்களின் வழக்கம். ஆரணியின் பட்டு நெசவாளர் வீடு இந்தக் கணக்கில் அடங்காது. கூடத்தில் குழித்தறி, அதையடுத்தே அடுப்பும் பாயும். நெடுக்கு நூலான பாவை நீட்டிக் காயவைக்க வீட்டுக்குள் இடம் போதாது; தெரு வேண்டும். அதை வெறும் போக்குவரத்துச் சாலையாக எண்ணி வாகனங்களுக்கு ஒப்படைத்தால், நெசவு ஒரு பட்டறையை இழக்கிறது. நேர்மாறாக, ஊரையே 'தொழில்' நிறத்தில் தோய்த்தால், தறிக்கும் சாயப்பட்டறைக்கும் வேறுபாடு இல்லாமல் போகும். தறியிலிருந்து அண்டை வீட்டை எட்டுவது ஓசை மட்டுமே. சாயவேலை அப்படியல்ல. கச்சாப்பட்டின் பசையை நீக்க சோப்பும் சோடாவும் சேர்த்துக் கொதிக்கவைத்து, பிறகு சாயமேற்றுவார்கள். அந்த நீரைச் சுத்திகரிக்காமல் விட்டால் கிணற்றுக்கும் கமண்டல நாகநதிக்கும் கேடு. ஆகவே, தொழிலின் பெயரை வைத்து மோதலைக் கணிக்க முடியாது. வேலியைத் தாண்டி என்ன போகிறது, யாரை எட்டுகிறது என்பதே கேள்வி.

இதை அளக்க வழி இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநில வேளாண் துறை 2011இல் ஒரு கையேடு வெளியிட்டது. ஒவ்வொரு செயலுக்கும் மோதல் நேரும் வாய்ப்பை ஐந்து படிகளிலும், நேர்ந்தால் விளையும் கேட்டை ஐந்து படிகளிலும் குறித்து, 1 முதல் 25 வரை மதிப்பெண் இடவேண்டும். பிறகு தடுப்பு ஏற்பாடுகளை எழுதி, மறுபடியும் மதிப்பெண் இடவேண்டும். 'இதெல்லாம் ஊகம்தானே' என்பார்கள். ஊகம்தான். ஆனால் எழுதிவைத்த ஊகத்தை மறுத்துப் பேசலாம். வரைபடத்து நிறத்தோடு யார் வாதிடுவது? நெசவாளரும், சாயக்காரரும், ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயியும் தனித்தனியே மதிப்பெண் இட்டால், அவர்களுக்கிடையே விழும் வித்தியாசமே மோதல் எங்கே முளைக்கும் என்று காட்டிவிடும்.

'இப்படி அளந்துகொண்டிருந்தால் வளர்ச்சி தாமதமாகாதா?' என்பது அடுத்த வாதம். தாமதம் எப்போது வருகிறது என்பதைப் பார்க்கவேண்டும். ஆரணி இருக்கும் இதே திருவண்ணாமலை மாவட்டத்தின் செய்யாறு பகுதியில், மேல்மா சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்து விவசாயிகள் 2023இல் நூறு நாட்களுக்கு மேல் போராடினார்கள். நவம்பரில் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்து, எதிர்ப்பு வலுத்தபின் அவர்களில் ஆறு பேர் மீது அது விலக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டின் மத்திய நிலம் எடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கேட்கிறது. தொழில் தேவைகளுக்காக நிலம் எடுக்கும் தமிழகத்தின் 1997ஆம் ஆண்டுச் சட்டத்துக்கோ அதிலிருந்து விலக்கு. 2021இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. முன்கூட்டி அளக்காத கணக்கு பின்னால் தெருவில் தீர்க்கப்படுகிறது. நொய்யல் ஆற்றில் அது நீதிமன்றத்தில் தீர்ந்தது: பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது, 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. விவசாயியும் தோற்றார், தொழிலாளியும் தோற்றார்.

வரைவுத் திட்டம் வெளியான பிறகு ஆட்சேபம் கேட்பது நம் வழக்கம். அதற்குள் வண்ணம் உலர்ந்துவிடுகிறது. தூரிகையை எடுக்குமுன் தெருவில் இறங்கி, பாவு நீளும் நேரத்தையும் சாயநீர் ஓடும் திசையையும் குறித்துக்கொண்டால் ஆட்சேபங்களின் எண்ணிக்கையே குறையும். ஆனால் அந்தக் குறிப்பை எடுப்பது யார்: அலுவலரா, ஊராரா? அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)