பாரந்தூக்கியை இயக்கக் கற்பது எப்படி?

சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையைச் சுற்றிப் பார்த்த மாணவர்கள், பக்கத்திலேயே கல்பாக்கம் அணுமின் வளாகம் இருப்பதையும் கவனித்திருப்பீர்கள். அங்கே முன்மாதிரி வேக ஈனுலையின் கட்டுமானம் 2004-இல் தொடங்கியது. 2009 டிசம்பரில் ஒரு நாள், 200 டன்னுக்கு மேல் எடையுள்ள எவர்சில்வர் கலம் ஒன்றைப் பாரந்தூக்கியால் உயர்த்தி உலைக் குழிக்குள் இறக்கினார்கள். மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டைப் பாறையைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அது சுமார் 250 டன் இருக்கும் என்கிறார்கள். ஏறக்குறைய அத்தகைய பாரம்! கலத்தின் விட்டம் ஏறத்தாழ 13 மீட்டர். 2008 ஜூனிலேயே இறக்கி வைத்த பாதுகாப்புக் கலத்துக்குள் அது போய் அமர வேண்டும். இரண்டுக்கும் நடுவே சுற்றிலும் இடைவெளி சுமார் 30 செ.மீ., அதாவது உங்கள் அடிக்கோலின் நீளம்.

இத்தகைய வேலைக்குக் கணக்குப் போட்டுத் தரப் பொறியாளர்கள் உண்டு. ஆனால் நெம்புகோலைப் பிடித்திருப்பவர் ஆப்பரேட்டர். அந்தக் கை எங்கே, எப்படிப் பழகியது?

முதலில் ஒரு சிறு சோதனை. ஒரு குடம் தண்ணீரை இடுப்போடு அணைத்துப் பிடியுங்கள். பிறகு கையை நீட்டிப் பிடியுங்கள். எடை மாறவில்லை, ஆனால் உடல் முன்பக்கம் சாய்கிறது. மாறியது திருப்புத்திறன், அதாவது விசையையும் தூரத்தையும் பெருக்கி வரும் அளவு. '20 டன் கிரேன்' என்று பெயர் எழுதியிருந்தால் அது எப்போதும் 20 டன் தூக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். 3 மீட்டர் ஆரத்தில் 20 டன் தூக்கும் என்று வைத்துக்கொள்வோம். 12 மீட்டருக்குக் கையை நீட்டினால், வெறும் பெருக்கல் கணக்குப்படி 5 டன். உண்மையில் அதைவிடக் குறைவு. நீண்ட இரும்புக் கையின் எடையே வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கிறதே! இதற்காகவே ஒவ்வொரு பாரந்தூக்கிக்கும் சுமை அட்டவணை உண்டு. நம் கடற்கரை மணலில் வேறொரு தொல்லை: வண்டியின் பக்கவாட்டுக் கால் புதைந்தால் அட்டவணை செல்லாது. காலுக்கடியில் கனத்த பலகைகளை அடுக்கி அழுத்தத்தைப் பரப்புகிறார்கள்.

இவற்றைப் புத்தகத்தில் படித்துவிடலாம். ஊசலைப் படிக்க முடியாது.

தனி ஊசலை நான் இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். 16 மீட்டர் கம்பி வடத்தில் தொங்கும் பாரம் ஒரு முறை போய்வர 8 விநாடி ஆகும். பாரம் 1 டன்னோ 10 டன்னோ, நேரம் ஒன்றே. வடத்தை 4 மீட்டராகச் சுருக்கினால் 4 விநாடி. ஆடும் பாரத்தை நிறுத்துவது எப்படி? கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் வேலை நடந்த இடத்தில் ஓர் ஆப்பரேட்டரைக் கேட்டேன். "அது ஆடுற பக்கமே நாமளும் போவணும் சார்" என்றார். எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும் என்றல்லவா நாம் நினைப்போம்! பாரம் ஆட்டத்தின் கடைக்கோடியில் கணநேரம் நிற்கிறது. அந்தக் கணத்தில் கையின் நுனி பாரத்துக்கு நேர்மேலே வந்துவிட்டால், அதை மீண்டும் இழுக்கப் பக்கவாட்டு விசை இல்லை, ஆட்டம் அடங்குகிறது. கொஞ்சம் பிந்தினால் ஆட்டம் கூடும். வெளிப்புறமாகத் தொடர்ந்து போனால் ஆரமும் கூடும், அட்டவணையை மறக்கலாகாது. கீழே கலாசிகள் நிற்கிறார்கள்.

அமெரிக்காவில் இதைத் தொழிற்சங்கமே கற்றுத் தருகிறது. 1896 டிசம்பரில் சிகாகோவில் நீராவி எந்திர ஊழியர்கள் தொடங்கிய சங்கம், இன்று பாரந்தூக்கி, புல்டோசர் ஆப்பரேட்டர்களின் பெரிய சங்கம். அதுவும் ஒப்பந்தக்காரர்களும் சேர்ந்து பயிற்சி நடத்துகிறார்கள். பழகுநர் மூன்று நான்கு ஆண்டுகள் தேர்ந்தவரின் கீழ் வேலை செய்கிறார், வகுப்பும் உண்டு. முதல் நாளிலிருந்தே கூலி. தேறத் தேற அது ஏறுகிறது.

தமிழ்நாட்டில் கட்டடத் தொழிலாளர் சங்கங்களின் போராட்டத்தால் 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. விபத்து நேர்ந்தால் உதவி கிடைக்க வழி பிறந்தது. விபத்தைத் தவிர்க்கும் பயிற்சியைச் சங்கமே நடத்தும் வழக்கம் மட்டும் இங்கே வேரூன்றவில்லை. இது எனக்குக் குறையாகவே படுகிறது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி உதவித்தொகையோடு பல தொழில்களைப் பழகலாம். அனுபவத்தால் கற்றவர்களைச் சோதித்துச் சான்றிதழ் தரும் முறையும் வந்திருக்கிறது.

நான் சந்தித்தவரிடம் அந்தச் சான்றிதழ் இல்லை. உதவியாளாகச் சேர்ந்து, கண்ணாடி துடைத்து, எண்ணெய் விட்டு, ஆப்பரேட்டர் சாப்பிடப் போன நேரத்தில் இருக்கையில் அமர்ந்து பழகியவர். பதினோரு ஆண்டு அனுபவம் இருந்தும், ஒரு பெரிய வேலைத்தளத்தின் வாயிலில் "பேப்பர் எங்கே?" என்று திருப்பி அனுப்பினார்களாம். தேர்வு எழுதப் போகிறேன், அட்டவணையின் இங்கிலீஷ் குறிப்புகளைத் தமிழில் எழுதித் தாருங்கள் என்று கேட்டார். ஒரு மாதிரிக் கணக்கும் சேர்த்து, நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மறு வாரம் அதில் ஒரு தவற்றைக் காட்டினார். கொக்கியின் எடையையும் கம்பி வடங்களின் எடையையும் பாரத்தோடு கூட்ட நான் மறந்திருந்தேன்.