முகத்துவாரமும் நான்கு டயோடுகளும்

சென்னைக்கு வடக்கே, பொன்னேரிக்கு அப்பால் உள்ள பழவேற்காட்டுக்கு நீங்கள் போக நேர்ந்தால், ஏரியும் கடலும் கூடுகின்ற முகத்துவாரத்தைச் சற்று நின்று பாருங்கள். கடல் ஏற்றத்தின்போது ஏறக்குறைய ஆறு மணி நேரம் கடல்நீர் ஏரிக்குள் பாயும். பிறகு, வற்றத்தின்போது அதே வழியாக ஏரிநீர் கடலுக்குத் திரும்பும். கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் போன்ற ஊர்களின் மீனவர்கள் இந்தப் போக்கையும் வரவையும் நன்கு அறிந்தவர்கள்.

அவர்கள் வீடுகளுக்குக் கம்பி வழியாக வரும் மின்சாரமும் இதே போன்றதுதான். அது ஒரே திசையில் ஓடுவதில்லை. வினாடிக்கு 50 முறை முன்னும், 50 முறை பின்னுமாக ஓடுகிறது. இதையே மாறுதிசை மின்னோட்டம் என்கிறோம். இதன் அழுத்தம் 230 வோல்ட். அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ்.

மின்விசிறி சுழல இது போதும். ஆனால் ஒரு பாட்டரிக்கு மின்னேற்றம் செய்ய இது உதவுமா? உதவாது. முன்னோக்கி ஓடும்போது பாட்டரிக்குள் நிகழும் வேதிமாற்றத்தை, பின்னோக்கி ஓடும்போது மின்னோட்டமே அழித்துவிடும். கூட்டிக் கழித்தால் மிச்சம் ஒன்றும் இராது. பாட்டரியும் சூடேறிக் கெட்டுவிடும்.

இது சிறிய செய்தியன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களின் பல பகுதிகளில் மின்சாரம் நின்றுவிட்டது. அத்தகைய இரவில் கடலோரக் குடும்பத்துக்கு எச்சரிக்கையைச் சொல்வது கைப்பேசியும், பாட்டரியில் பாடும் வானொலிப் பெட்டியும்தான். அவற்றுக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டம். அதை மாறுதிசை மின்னோட்டத்திலிருந்து எப்படிப் பெறுவது?

முகத்துவாரத்திலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டி, அதில் உட்புறமாக மட்டும் திறக்கும் தொங்கு கதவு ஒன்றை வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். ஏற்றத்தின்போது நீர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். வற்றத்தின்போது நீரே கதவைச் சாத்திவிடும். மின்சாரத்துக்கு அப்படிப்பட்ட கதவுதான் டயோடு. சிலிக்கானின் பி-வகைப் பகுதியும் என்-வகைப் பகுதியும் சந்திக்கும் சந்திப்பு அதனுள் இருக்கிறது. பி-பகுதி நேர்முனையோடு இணைந்தால் மின்னோட்டம் செல்லும். மாற்றி இணைத்தால் தடைபடும். இதற்காக டயோடு வாங்கும் கூலி சுமார் 0.7 வோல்ட்.

ஒரேயொரு டயோடை வைத்தால், அலையின் ஒரு பாதி மட்டும் கிடைக்கும், மறுபாதி வீண். இது அரை அலைத் திருத்தி. மறுபாதியையும் பயன்படுத்த வழியுண்டு. ஒரு தாளில் ஒரு சதுரத்தை, ஒரு மூலை மேலே வரும்படி சாய்த்து வரையுங்கள். இடது மூலையிலும் வலது மூலையிலும் மின்மாற்றியின் இரு கம்பிகளை இணையுங்கள். மேல் மூலை நேர்முனை. கீழ் மூலை எதிர்முனை. மேலிரண்டு பக்கங்களில் உள்ள டயோடுகள் மேல் மூலையை நோக்கி மட்டும் மின்னோட்டத்தை விடும். கீழிரண்டு பக்கங்களில் உள்ளவை கீழ் மூலையிலிருந்து வெளியே மட்டும் விடும்.

இப்போது விரலால் தொடர்ந்து பாருங்கள். இடது மூலை நேராக இருக்கும்போது, மின்னோட்டம் மேல் மூலைக்கு ஏறி, வானொலி வழியாகக் கீழ் மூலைக்கு வந்து, வலது மூலையை அடையும். வலது மூலை நேராகும்போதும் அது மேல் மூலைக்கே ஏறும். வானொலி வழியாகக் கீழே வந்து இடது மூலையை அடையும். ஏற்றமானாலும் வற்றமானாலும் வானொலிக்குள் திசை ஒன்றே! இதுவே பாலத் திருத்தி.

ஆனால் திசை ஒன்றானாலும் அளவு ஏறி இறங்கிக்கொண்டேயிருக்கும். வாய்க்காலின் முடிவில் ஒரு குளம் இருந்தால் நீர் சீராகக் கிடைக்குமல்லவா? மின்தேக்கி அந்தக் குளம். ஒரு கணக்குப் போடுவோம். மின்மாற்றி தருவது 6 வோல்ட். அதன் உச்சம் 6 × 1.414, அதாவது ஏறத்தாழ 8.5 வோல்ட். ஒரே நேரத்தில் இரண்டு டயோடுகள் வழியே ஓடுவதால் 1.4 வோல்ட் கழியும், மிச்சம் 7.1. வானொலி 100 மில்லி ஆம்பியர் எடுக்கிறது. மின்தேக்கி 1000 மைக்ரோஃபாரட் என்போம். ஓர் உச்சத்துக்கும் அடுத்த உச்சத்துக்கும் இடையே 1/100 வினாடி. அதற்குள் 0.001 கூலும் மின்னூட்டம் வெளியேறும். அழுத்தம் சுமார் 1 வோல்ட் குறையும். ஆக 7.1-க்கும் 6.1-க்கும் இடையே ஆடும் மின்னழுத்தம். நான்கு செல் வானொலிக்கு இது பொருத்தமானது.

இந்த ஆட்டம்தான் வானொலியில் 'உம்' என்ற இரைச்சலாகக் கேட்கிறது. அதுவே நோயையும் சொல்லும். மின்தேக்கி உலர்ந்துபோனால் 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஓங்கும். ஒரு டயோடு அறுந்துபோனால் பாலம் அரை அலைத் திருத்தியாகிவிடும். உச்சங்களுக்கிடையே 1/50 வினாடி ஆவதால் ஆட்டம் 2 வோல்ட்டாக இரட்டிக்கும். 50 ஹெர்ட்ஸில் தடித்த உறுமல் கேட்கும். உப்புக் காற்று இணைப்புகளை அரிக்கும் கடலோரத்தில் இதை அறிந்திருப்பது நல்லது. புயல் செய்தி அந்த உறுமலில் மூழ்கிவிடக் கூடாதல்லவா?

இந்தக் கதவின் வரலாற்றில் நம் நாட்டவருக்கும் பங்குண்டு. சில படிகங்கள் மின்னோட்டத்தை ஒரு பக்கமே நன்கு கடத்துவதை 1874-இல் ஜெர்மனியின் பெர்டினாண்டு பிரவுன் கண்டார். கலீனா படிகத்தைக் கொண்டு ரேடியோ அலைகளை உணரும் கருவிக்கு ஜகதீஷ் சந்திர போஸ் 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

இன்றைய கைப்பேசி சார்ஜருக்குள்ளும் இதே பாலம் இருக்கிறது. அது 230 வோல்ட்டை நேரடியாகத் திருத்துவதால், உள்ளே உள்ள மின்தேக்கியில் சுமார் 325 வோல்ட் தேங்கும். இணைப்பைப் பிடுங்கிய பின்பும் சிறிது நேரம் அது அங்கேயே நிற்கலாம். ஆகவே சார்ஜரைத் திறந்து பார்க்க ஆசைப்படாதீர்கள். சோதனை செய்ய விரும்பினால், ஆசிரியர் துணையுடன் 6 வோல்ட் மின்மாற்றி, 1 என் 4007 என்ற எண்ணுள்ள நான்கு டயோடுகள், ஒரு மின்தேக்கி ஆகியவற்றைக் கொண்டு பள்ளி ஆய்வகத்தில் செய்யுங்கள். டயோடின் வெள்ளிக் கோடு, மின்னோட்டம் வெளியேறும் முனையைக் காட்டும். மின்தேக்கியின் நேர்முனையையும் எதிர்முனையையும் மாற்றி இணைத்தால் அது வெடிக்கக்கூடும்; இருமுறை சரிபார்த்த பிறகே மின்சாரத்தைச் செலுத்துங்கள்.