ஈரநிலத்து இல்லங்களுக்கேற்ற கதவுகள்

வீட்டின் உறுப்புகளுள் மழை, வெயில், காற்று ஆகிய மூன்றுக்கும் ஆட்பட்டும், நாள்தோறும் பன்முறை அசைந்தும் இயங்க வேண்டியது கதவு. கேரளத்தின் தென்கோடியில், கன்னியாகுமரி மாவட்டத்தை அடுத்துள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் இச்சோதனை கடுமையானது. ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழையும் பெய்வதால், மரம் ஓராண்டில் இருமுறை நனைந்து உலர்கின்றது. சிறு குடும்பம் ஒன்று பல மாதச் சேமிப்பைக் கொண்டு அமைத்த கதவு சில ஆண்டுகளிலேயே அடிப்புறம் உளுத்துப் போவதுண்டு. தக்க மரத்தைத் தெரிந்தெடுப்பதாலும் முறையாகப் பொருத்துவதாலும் இந்த இழப்பைப் பெரிதும் தவிர்க்கலாம்.

மரம் கெடுவது எவ்வாறு?

மரத்தை அழிப்பவை முக்கியமாக இரண்டு: பூஞ்சணமும் பூச்சியும். மரத்திலுள்ள ஈரம் அதன் உலர் எடையில் 20 சதவீதத்துக்குக் குறைவாக இருக்குமாயின், அதனை மக்கச் செய்யும் பூஞ்சணம் வளர இயலாது. கறையானோ மண்ணிலிருந்து மண்குழாய் கட்டிக்கொண்டு மேலேறி வருகின்றது. ஆதலின் மரத்தை உலர்ந்த நிலையில் வைத்தலும், மண்ணோடு தொடர்பறுத்தலுமே பாதுகாப்பின் அடிப்படைகளாகும்.

வயிரமும் வெளிறும்

அடிமரத்தின் உட்பகுதி வயிரம். பட்டையை ஒட்டிய வெளிர்நிறப் பகுதி வெளிறு. தேக்கேயாயினும் அதன் வெளிறு நிலைத்து நில்லாது. டேராடூனில் 1906ஆம் ஆண்டு நிறுவப்பட்ட வன ஆராய்ச்சி நிலையத்தார், மரத்துண்டுகளைப் பாதியளவு மண்ணில் புதைத்து அவற்றின் ஆயுளைக் கணித்துள்ளனர். சராசரியாக 120 மாதங்களுக்குக் குறையாமல் நிற்பவை முதல் வகுப்பு. 60 முதல் 120 மாதம் வரை நிற்பவை இரண்டாம் வகுப்பு. அதனினும் குறைந்தவை மூன்றாம் வகுப்பு. இவ்வகுப்பு வயிரத்துக்கு மட்டுமே உரியது.

தேக்கும் அயினியும் முதல் வகுப்பைச் சேர்ந்தவை. அயினியை மலையாளத்தில் ஆஞ்ஞிலி என்பர். எல்லைக் கிராமங்களில் இரு பெயர்களும் வழங்குவதால், மரம் வாங்குவோர் அவை ஒன்றே என்பதை அறிந்திருத்தல் நலம். முற்றிய பலாவின் வயிரமும் கதவுக்கு ஏற்றதே. மாமரம் மூன்றாம் வகுப்பைச் சேர்ந்தது. பாதுகாப்பு மருந்து ஏற்றாமல் வெளிக்கதவுக்கு அதனைப் பயன்படுத்துதல் தகாது.

ரப்பர் மரத்தைப் பற்றித் தனியே கூறுதல் வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியபோது கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏராளமான ரப்பர் மரங்கள் சாய்ந்தன. இம்மரத்தில் மாச்சத்து மிகுதி. எனவே வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சணத்தால் நீலக்கறை படரும். துளைக்கும் வண்டும் ஏறும். காலந்தாழ்த்தாது பலகையாக அறுத்து, போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை அழுத்த முறையில் ஏற்றி உலர்த்தினால் அது உட்கதவுக்குப் பயன்படும். அம்மருந்து மழைநீரில் கரைந்து வெளியேறுமாதலால், நனையும் வாயிலுக்கு அது ஏற்றதன்று.

அமைப்பும் பொருத்துதலும்

மரம் நெடுக்கில் மிகச் சிறிதும் குறுக்கில் மிகுதியாகவும் விரிந்து சுருங்கும். ஆகவே சட்டக் கதவில் நடுப்பலகையைக் காடியினுள் பசையின்றித் தளர்வாக நிறுத்த வேண்டும். இறுக்கி ஒட்டினால் மழைக்காலத்தில் சட்டம் பிளக்கும், கோடையில் பலகை வெடிக்கும். கதவைச் சுற்றிச் சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுதல் நன்று.

பலகையின் வெட்டுமுனை பக்கப்பரப்பைவிடப் பன்மடங்கு விரைவாக நீரை உறிஞ்சும். கதவின் மேல்விளிம்பும் அடிவிளிம்பும் கண்ணுக்குப் புலப்படாமையால் வர்ணம் பூசப்படாமலே விடப்படுகின்றன. அழுகல் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். கதவைத் தொங்கவிடுவதற்கு முன்னரே இவ்விளிம்புகளுக்கு இருமுறை வர்ணம் பூச வேண்டும். நிலைக்கால்களின் அடியில் தார் பூசி, அவற்றை மண்ணில் புதைக்காது கருங்கல்லின்மீது நிறுத்த வேண்டும். முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுதல் கேரளத்தில் வழங்கிவரும் பழைய முறை. அது தோலைப் புண்ணாக்குமாதலால் கையுறை இன்றியமையாதது.

தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனை இதற்குச் சிறந்த சான்று. 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மர் காலத்தில் விரிவாகப் புதுப்பிக்கப்பட்ட அதன் மரவேலைகள் இன்றளவும் நிலைத்துள்ளன. நல்ல மரம் மட்டுமன்று, தாழ்ந்து நீண்ட இறவாரமும் கல் அடித்தளமும் தொடர்ந்த பராமரிப்பும் அதற்குக் காரணங்களாம். சாதாரண வீட்டிலும் வாயிலின்மேல் சிறு சாய்ப்பு இறக்கினால் கதவின் ஆயுள் நீளும்.

ஒட்டுப்பலகைக் கதவு வாங்குவோர் ஐ.எஸ். 2202 என்னும் தர எண் முத்திரையைப் பார்த்து வாங்குக. அவ்வாறாயினும், நனையும் இடத்துக்கு நீரைத் தாங்கும் பினாலிக் பசையால் ஒட்டியதே வேண்டும்.

தோட்டப்புரைக் கதவுகள்

ரப்பர்ப் பாலை உறையவைக்கும் புரைகளில் பார்மிக் அமிலம் பயன்படுவதால், சாதாரண இரும்புக் கீல்களும் தாழ்ப்பாள்களும் விரைவில் அரிக்கப்படும். அங்கே துருப்பிடிக்காத எஃகு உகந்தது. பொழியூர், பூவாறு போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று வீசுவதால் இதே எச்சரிக்கை தேவை. அங்கே இரும்புத் தகட்டுக் கதவு அமைப்பின் துத்தநாகம் பூசிய தகடே வேண்டும்; பூச்சில் கீறல் கண்டவுடன் அதனை மூட வேண்டும். புரைக் கதவின் அடிவிளிம்பு தரையில் உராயாதவாறு ஓர் அங்குலம் உயர்ந்திருத்தல் நன்று.

பள்ளியில் செய்யத்தக்க சோதனை

ஆசிரியர்கள் தச்சுப்பட்டறையிலிருந்து சிறு மரத்துண்டு ஒன்றைப் பெற்று நிறுக்கலாம். பின்னர் அதனை ஆய்வுக்கூட உலர்த்தியில் சுமார் 103 பாகை செல்சியஸ் வெப்பத்தில், எடை மேலும் குறையாத வரை உலர்த்தி, மீண்டும் நிறுக்க வேண்டும். எடைக் குறைவை உலர் எடையால் வகுத்து 100ஆல் பெருக்கினால் ஈரத்தின் சதவீதம் கிடைக்கும். 60 கிராம் துண்டு 50 கிராமாகக் குறையுமாயின் ஈரம் 20 சதவீதம். அம்மரம் இன்னும் கதவுக்குத் தகுதி பெறவில்லை.

களப்பணியாளர்கள் கிராமத்தாரிடம் வலியுறுத்த வேண்டியவை நான்கு: வெளிறு நீக்கிய மரம், நன்கு உலர்ந்த பலகை, மண் தொடாத நிலை, வர்ணம் பூசிய விளிம்பு. இவை கைக்கொள்ளப்படுமாயின், விலையுயர்ந்த தேக்கு கிட்டாத வீட்டிலும் தோட்டத்துப் பலாவும் அயினியும் நெடுங்காலம் வாயில் காக்கும்.