கூழாங்கல் எங்கிருந்து வந்தது?

ஆற்றங்கரையில் கூழாங்கல்லைக் கையில் எடுப்பவர் பெரும்பாலும் அதன் வழவழப்பை மட்டுமே பார்க்கிறார். அதன் தாய்ப்பாறையை அறிவதும் அரிதன்று. முதலில் கல்லை நீரில் நனைக்க வேண்டும். அப்போதுதான் நிறம் தெளியும். வெளிர், கரும் பட்டைகள் மாறிமாறித் தெரிந்தால் அது நைஸ். கருப்பு, வெள்ளை, இளஞ்சிவப்புத் துகள்கள் கலந்து புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் கிரானைட். பால்வெள்ளையாக இருப்பது வெங்கச்சங்கல் எனப்படும் குவார்ட்ஸ். கத்தியால் அதைக் கீற முடியாது.

குழப்பம் தருவது குவார்ட்சைட். மணற்கல்லே பூமிக்கடியில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுகிக் குவார்ட்சைட் ஆகிறது. இரண்டையும் பிரித்தறிய உடைந்த முகத்தைப் பார்க்க வேண்டும். மணற்கல்லில் முறிவு துகள்களைச் சுற்றிச் செல்லும், தொட்டால் சொரசொரக்கும். குவார்ட்சைட்டில் துகள்களையே ஊடறுத்துச் செல்லும். விளிம்பு கூராக இருக்கும்.

நிலவியல் என்னும் துறை பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே இக்கூர்மையை அறிந்தவர்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் வாழ்ந்தனர். கொசஸ்தலை ஆற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் குவார்ட்சைட் கற்களைத் தட்டிக் கைக்கோடரி செய்தனர். அக்கருவிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்கிறது 2011-இல் வெளியான ஆய்வு.

அருகிலுள்ள அல்லிக்குழி மலையில், டைனோசர் காலத்து நீரோட்டங்கள் உருட்டிய குவார்ட்சைட் கூழாங்கற்கள் ஒன்றாக இறுகிப் பாறையாகியுள்ளன. மழை அவற்றை மீண்டும் பெயர்த்து ஓடைக்குத் தருகிறது. எனவே, நன்கு உருண்ட கல் இதே ஆற்றில் நெடுந்தொலைவு வந்தது என்று முடிவு கட்டக் கூடாது. நானும் பல்லாண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் சரளை தோண்டிய குழி ஒன்றில்தான் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். சரளையை லாரிக் கணக்கில் விற்கிறோம். கல் எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதற்கு அந்த விலையில் இடமில்லை. பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு இது உறுத்துகிறது. அடுக்கு தெரிந்தால்தான் காலம் கணிக்க இயலும். சாலையோரக் குவியலில் கிடைக்கும் கோடரிக்கு வயது சொல்ல எவராலும் முடியாது.

தானாக உடைந்த கல்லில் பெரும்பாலும் ஓரிரு வெட்டு முகங்களே இருக்கும். இரு பக்கமும் வரிசையாகச் செதில் பெயர்ந்து, அவை ஒரே விளிம்பில் கூடினால் அது மனிதக் கைவேலையாக இருக்கலாம். அத்தகைய கல்லைக் கண்டால் எடுக்காதீர்கள்; கிடந்த இடத்தோடு படம் பிடித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.