மொய்க் கவரும் ஓர் ஆவணம்

பழைய காகிதங்களை மடித்துத் தைத்து, வீட்டில் மிஞ்சிய அட்டையை மேலுறையாக்கி, டிக்கெட், ரசீது, அழைப்பிதழ், துணித்துண்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஒட்டி உருவாக்கும் குறிப்பேட்டை ஜங்க் ஜர்னல் என்கிறார்கள். நம் ஊரிலும் இந்தக் கைவேலை பரவிவருகிறது. கூடவே ஒரு வியாபாரமும் வளர்கிறது. டீக்கறை படிந்ததுபோல் அச்சிட்ட தாள், ஐரோப்பியத் தபால் முத்திரையின் நகல், விக்டோரியா காலத்துச் சீமாட்டியின் படம் எல்லாம் பொட்டலம் பொட்டலமாக விலைக்குக் கிடைக்கின்றன. இங்கேதான் இந்தக் கலை தடம் மாறுகிறது. ஜங்க் ஜர்னல் அழகான பொருள் மட்டுமல்ல, ஒரு வீட்டின் ஆவணம். அந்த வீட்டுக்குள் வந்துபோன காகிதங்களால் ஆனதாக இருந்தால்தான் அது ஆவணமாகும். வாங்கி ஒட்டிய பழமை யாருடைய வாழ்க்கையையும் சொல்வதில்லை.

ஆவணம் என்பது பெரிய வார்த்தையாகத் தோன்றலாம். நூலகங்கள் எதைச் சேர்க்கின்றன என்று பார்த்தால் அதன் பொருத்தம் புரியும். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் வேறு சில பொது நூலகங்களுக்கும் போக வேண்டும். சென்னை கன்னிமாரா அவற்றில் ஒன்று. 1956-இல் செய்தித்தாள்களும் இந்த ஏற்பாட்டுக்குள் வந்தன. ஆனால் கல்யாணப் பத்திரிகைக்கும், காதணி விழா நோட்டீசுக்கும், மளிகைக்கடைச் சீட்டுக்கும், பஸ் டிக்கெட்டுக்கும் இப்படி ஒரு காப்பிடம் கிடையாது. அரிசி என்ன விலை விற்றது, பெயருக்குப் பின்னால் சாதி போட்டார்களா, மணமகளின் படிப்பை அச்சிட்டார்களா, சடங்குத் திருமணமா சுயமரியாதைத் திருமணமா என்பதையெல்லாம் இந்தத் துண்டுக் காகிதங்களைப்போல் நேராகச் சொல்லும் சான்று வேறு குறைவு. கோட்டையூரைச் சேர்ந்த சேகரிப்பாளர் ரோஜா முத்தையா நூல்களோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் போன்றவற்றையும் சேர்த்துவைத்தார். அவர் மறைவுக்குப் பிறகு அந்தச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதை வைத்தே 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. அவர் குப்பை என்று ஒதுக்காதவற்றைத்தான் இன்று ஆய்வாளர்கள் தேடிச் செல்கிறார்கள்.

இந்தக் கலையின் வரலாறும் இதையே சொல்கிறது. எழுத்தாளர் மார்க் ட்வைன் 1873-இல், பசை பூசிய பக்கங்கள் கொண்ட ஸ்கிராப்புக் ஒன்றுக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். ஈரம் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் அந்தப் புத்தகம் நன்றாக விற்றது. ஆனால் அவர் விற்றது வெற்றுப் பக்கங்களை. உள்ளே என்ன ஒட்டுவது என்பது வாங்கியவர் பாடு. இன்றைய பொட்டலங்களோ உள்ளடக்கத்தையே விற்கின்றன. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் கர்ட் ஷ்விட்டர்ஸ் என்ற ஓவியர், தெருவில் கிடந்த டிராம் டிக்கெட்டுகளையும் பொருள் சுற்றிய காகிதங்களையும் ஒட்டிப் படங்கள் ஆக்கினார். அவை நவீன ஓவியத்தில் இடம்பெற்றன. கூடவே தோற்றுப்போன ஒரு நாட்டின் அன்றாடமும் அவற்றில் பதிந்திருக்கிறது. அழகும் ஆவணமும் ஒரே தாளில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

செய்முறை எளிது. ஒருபக்கம் மட்டும் அச்சான தாள், பழைய நோட்டின் எழுதாத பக்கம், மாதக் காலண்டரின் பின்புறம் ஆகியவற்றில் நான்கைந்தை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து மடிக்க வேண்டும். மடிப்பில் மூன்று துளைகள் போதும். உள்ளிருந்து நடுத்துளை வழியாக ஊசியை வெளியே எடுத்து, மேல்துளையில் உள்ளே விட்டு, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியேற்றி, மீண்டும் நடுத்துளைக்கு வந்து, நீண்டு ஓடும் நூலின் இரு பக்கமும் முனைகளை வைத்து முடிச்சிட்டால் தையல் முடிந்தது. மேலுறைக்குப் புடவைப் பெட்டி அட்டை நன்றாக நிற்கும். ஒட்ட ஒட்டப் புத்தகம் தடிக்கும் என்பதால் முதுகுப்பகுதியை முன்கூட்டியே அகலமாக விட வேண்டும். மொய்க் கவரை மூன்று ஓரம் ஒட்டினால் பை ஆகிவிடும். இரு பக்கமும் படிக்க வேண்டிய சீட்டுகளை அதில் செருகலாம். இவற்றையெல்லாம்விட முக்கியம், ஒவ்வொன்றின் அருகிலும் தேதி, இடம், தொடர்புடையவர் பெயரைப் பென்சிலால் குறிப்பது. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் சொந்தக் காகிதமும் அந்நியமாகிவிடும்.

இந்தக் காகிதங்கள் நிலைக்காதே என்ற ஆட்சேபம் நியாயமானது. மரத்தை அரைத்துச் செய்யும் செய்தித்தாளில் லிக்னின் தங்கிவிடுவதால் அது சீக்கிரம் பழுத்து நொறுங்கும். இன்று கண்டக்டரின் கருவியும் கடை இயந்திரமும் தரும் சீட்டுகள் பலவற்றில் மையே இல்லை; சூட்டில் நிறம் மாறும் பூச்சுதான் எழுத்தாகத் தெரிகிறது. நாளாக ஆக அது மங்கும், பசை பட்டால் இன்னும் வேகமாக. ஆகவே அத்தகைய சீட்டை நகலெடுத்து ஒட்டலாம், அல்லது விவரத்தை எழுதிவைக்கலாம். செய்தித்தாள் துண்டு அடுத்த பக்கத்தைக் கறையாக்காமல் இடையில் வெள்ளைத்தாள் வைக்கலாம். மாவுப் பசைக்குப் பூச்சி வரும் என்பதால் மெல்லத் தடவி, நன்றாக உலர்த்தி, ஈரம் படாத இடத்தில் வைக்க வேண்டும். நூலகத்துக்குரிய ஆயுள் இதற்குத் தேவையில்லை. பேரப்பிள்ளைகள் கையில் போய்ச் சேர்ந்தால் போதும்.

இதனால் குப்பை குறையுமா என்று கேட்டால், சொல்லும்படியாகக் குறையாது. பழைய பேப்பர் கடைக்குப் போகும் காகிதம் எப்படியும் ஆலைக்குச் சென்று மறுபடி காகிதமாகிறது. சுற்றுச்சூழலைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு புதிதாக அச்சிட்ட பழமையை வாங்குவதுதான் முரண். செல்போனில் படம் எடுத்தால் போதாதா என்பார்கள். விசேஷங்களைப் படம் எடுக்கிறோம். மருந்துக்கடைச் சீட்டை யாரும் நினைவுக்காகப் படம் எடுப்பதில்லை. எடுத்தாலும், தாளின் தடிமனும் அச்சின் அழுத்தமும் படத்தில் வராது. அந்தரங்கம் வெளிப்படுமே என்ற கவலைக்கு வழி உண்டு: ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் வெட்டிவிட்டு ஒட்டலாம்.

நம் வீட்டுக் காகிதம் அழகாக இல்லையே என்பதுதான் பலரின் உண்மையான தயக்கம். சிவகாசிக் காலண்டரின் நிறங்களும் மஞ்சள் தடவிய பத்திரிகையும் பிறநாட்டுப் பழைய தாளுக்குக் குறைந்தவை என்று நம்மை நம்பவைத்தது அந்த வியாபாரம்தான். இந்தக் கலையைத் தொடங்க விரும்புபவர்கள் முதலில் கடைக்குப் போக வேண்டாம். இந்த மாதம் வீட்டுக்கு வந்த காகிதங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்குமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். முதல் ஜர்னலுக்கு அதுவே போதும். இதை வீட்டில் உள்ளவர்கள் சேர்க்காவிட்டால், வேறு யாரும் சேர்க்கப்போவதில்லை.